இங்கிலாந்தில் பிரசவம்: போன் செய்யத் தயங்காதீர்கள்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். மருத்துவமனையில் பிள்ளை பெறப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: இங்கே யாரும் உங்களைத் தேடிவந்து கவனிக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டால் நடக்கும், சொன்னால் நடக்கும், போன் செய்தால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஊரில் மாதாமாதம் டாக்டரம்மா, போகும்போதெல்லாம் ஸ்கேன், கைநிறைய மாத்திரை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது கைவிட்டது போலத் தெரியும். கர்ப்பத்தில் சிக்கல் இல்லையென்றால் ஒரு டாக்டரைக்கூடப் பார்க்காமல், மிட்வைஃப் (பயிற்சி பெற்ற பேறுகாலத் தாதி) கையிலேயே பிரசவம் முடிந்துவிடும். முறை நல்ல முறைதான். ஆனால் பெண் வாய் திறந்து பேசுவாள் என்று நம்பித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. 'கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று சொல்லியே வளர்க்கப்பட்ட நம் பெண்கள் அந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். பிரிட்டனின் தாய்மரண அறிக்கைகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது, ஆசியப் பெண்களுக்கு ஆபத்து வெள்ளையினப் பெண்களைவிட அதிகம் என்பதைத்தான். அதனால் எப்போது, யாரிடம், என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வேலை விசாவிலோ, மாணவர் விசாவிலோ, அவர்களைச் சார்ந்த விசாவிலோ வந்து, விசாக் கட்டணத்தோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணமும் கட்டியிருந்தால் பிரசவத்துக்குத் தனியாகப் பணம் இல்லை. ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு அந்தச் சர்சார்ஜும் கிடையாது. விசிட்டர் விசாவில் இருப்பவருக்குப் பில் வரும், அதுவும் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம். அவரையும் 'முதலில் பணத்தைக் கட்டு' என்று சொல்லிப் பிரசவச் சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. ஆனால் 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் உள்துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசாவுக்கு அது தடையாகலாம். தவணைக்குக் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

டெஸ்டில் இரண்டு கோடு வந்ததும் ஜி.பி. (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிரசவம் பார்த்துக்கொள்ள விரும்பும் மருத்துவமனையின் இணையதளத்தில் மெட்டர்னிட்டி பக்கத்துக்குப் போய் நீங்களே பதிவு செய்யலாம். வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைதான் என்ற கட்டாயம் இல்லை. முதல் சந்திப்பான புக்கிங் 10 வாரத்துக்குள் நடக்க வேண்டும். தாமதித்தால் தலசீமியா, சிக்கிள் செல் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகும். தாய்க்கு அந்தக் குறை மரபில் இருந்தால் தந்தைக்கும் சோதிக்க வேண்டும், அதற்கெல்லாம் நாள் பிடிக்கும். வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. நோட்ஸில் 12+3 என்று இருந்தால் 12 வாரம் 3 நாள்.

புக்கிங் அன்று ஒரு மணி நேரத்துக்குக் கேள்விகள் வரும். குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், சொந்தத்தில் திருமணமா, முன்பு கரு கலைந்ததா, மனச்சோர்வு இருந்ததா எல்லாம் கேட்பார்கள். மாமன் மகனைக் கட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மரபணு ஆலோசனை வேண்டுமா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். ஒரு தடவையாவது கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் அடி, மிரட்டல் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வி அது. கணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதனால்தான் கணவரையோ நாத்தனாரையோ மொழிபெயர்க்க வைப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பதிவு செய்யும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று குறிப்பிட்டால் போன் வழியாகவோ நேரிலோ ஏற்பாடு செய்வார்கள், பணம் கிடையாது. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட வலியின் நடுவில் தடுமாறுவது உண்டு.

போலிக் அமிலம் 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம், வைட்டமின் டி 10 மைக்ரோகிராம். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் போலிக் அமிலம் 5 மில்லிகிராம், அதற்கு மருந்துச்சீட்டு வேண்டும். மிட்வைஃபிடமோ ஜி.பி.யிடமோ மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டால் குழந்தை பிறந்து 12 மாதம் வரை மருந்துச்சீட்டுக்கும் என்.ஹெச்.எஸ். பல் சிகிச்சைக்கும் காசில்லை. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஊரில் கரு உறுதியானதுமே ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரை எழுதிக் கொடுப்பது சாதாரணம். இங்கே முன்பு கருச்சிதைவு ஆகி, இந்தத் தடவையும் ரத்தக்கசிவு இருந்தால்தான் தருவார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் எல்லோருக்கும் கிடையாது, ஹீமோகுளோபின் பார்த்துத்தான். இங்கே அந்த எண்ணை லிட்டருக்கு என்று எழுதுவதால் 105 என்றால் நம் கணக்கில் 10.5. ஆரம்பத்தில் 110க்குக் கீழ், 28 வாரத்தில் 105க்குக் கீழ் போனால் மாத்திரை.

சிக்கல் இல்லையென்றால் ஸ்கேன் மொத்தம் இரண்டே இரண்டு. முதலாவது 11 முதல் 14 வாரத்துக்குள். நாள் கணிப்பும் டவுன்ஸ் உள்ளிட்ட மூன்று குறைபாடுகளுக்கான சோதனையும் அதிலேயே. 150இல் 1 அல்லது அதைவிட அதிக வாய்ப்பு என்று வந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அது வாய்ப்புக் கணக்குதான், நோய் உறுதியான முடிவு இல்லை. அழைப்பு வந்ததுமே இடிந்துபோக வேண்டாம். இரண்டாவது 18 முதல் 21 வாரத்துக்குள், உறுப்புகளைப் பார்க்க. அன்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் ஆணா பெண்ணா என்றும் சொல்வார்கள். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது இங்கே சாதாரணம். அதற்குப் பிறகு மிட்வைஃப் டேப் வைத்து வயிற்றை அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார். கோடு தட்டையானால் ஸ்கேன் தானாக வரும்.

நம்மவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது குளுகோஸ் பரிசோதனை. தெற்காசியக் குடும்பம் என்பதே இங்கே காரணமாக எழுதப்படும், ஒல்லியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் கேளுங்கள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுகோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் நடமாடாமல் உட்கார்ந்து, மறுபடி ரத்தம். வெறும் வயிற்றில் 5.6 அல்லது அதற்கு மேல், இல்லை இரண்டு மணி நேரம் கழித்து 7.8 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும்: 5.6 என்பது சுமார் 101, 7.8 என்பது 140. அதன்பின் வீட்டில் விரல் குத்திப் பார்க்கும்போது வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணியில் 7.8க்குக் கீழ் இருக்க வேண்டும். உணவு ஆலோசகர் கொடுக்கும் தாளில் டோஸ்டும் பாஸ்தாவும் இருக்கும், இட்லி இருக்காது. அந்தத் தாளை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், காலையில் எத்தனை இட்லி, மதியம் எத்தனை கரண்டி சோறு என்று சொல்லி அதற்கேற்ற அளவைக் கேளுங்கள். காலை வேளையில்தான் சர்க்கரை அதிகம் ஏறும். மூன்று இட்லியை இரண்டாக்கி ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்தாலே பலருக்கு எண் இறங்கும். இந்தச் சர்க்கரை உள்ளவர்களுக்கு 28, 32, 36 வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன் உண்டு. 40 வாரம் 6 நாளைத் தாண்ட விட மாட்டார்கள்.

தெற்காசியப் பெண்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருவது கல்லீரல் சார்ந்த கொலஸ்டேஸிஸ். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கும், இரவில் தூக்கம் கெடும். 'வயிறு விரியும்போது அரிக்கத்தான் செய்யும்' என்று வீட்டில் சொல்வார்கள். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில், பித்த அமில அளவில், தெரிந்துவிடும். அளவு மிக அதிகமானால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. போன் செய்து 'உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, பைல் ஆசிட் பார்க்க வேண்டும்' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அசைவு குறைந்தாலும் அப்படியே. 'கடைசி மாசத்துல இடம் இல்லாததால அசைவு குறையும்' என்பது தவறு. பிறக்கும்வரை, வலி எடுத்த பிறகும்கூட, குழந்தை தன் வழக்கப்படி அசைய வேண்டும். எத்தனை உதை என்று ஒரு பொது எண் இல்லை. உங்கள் குழந்தையின் வழக்கம்தான் அளவு. அது மாறினால் இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்போம், காலை வரை பார்ப்போம் என்று வேண்டாம். அந்த நிமிடமே மெட்டர்னிட்டி ட்ரையாஜுக்கு, அதாவது கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவுக்குப் போன். ராத்திரி மூன்று மணி என்றாலும் எடுப்பார்கள். போன வாரமும் போனோமே, மறுபடி எப்படி என்று கூச்சப்படாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை போவதை அவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதே விதி. கடும் தலைவலி, கண்ணில் மின்னல், விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென்று முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு இவற்றுக்கும் அதே எண். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் ரத்தம் கண்டால் மட்டும் ட்ரையாஜ் இல்லை, எர்லி ப்ரெக்னன்சி யூனிட். எந்த வாரம் வரை அங்கே என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். புக்கிங்கிலேயே இரண்டு எண்களையும் வாங்கிக் கணவர் போனிலும் சேமித்துவிடுங்கள்.

வலி வந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்து வலி சீராகும்வரை வீட்டில் இருப்பதையே விரும்புவார்கள். முதலில் போன். கணவர் பேசினாலும் 'அவரிடம் கொடுங்கள்' என்பார்கள், ஏனென்றால் வலியின்போது அவள் பேச்சு எப்படி அறுபடுகிறது என்பதைக் காதால் கேட்டே கணிக்கிறார்கள். சிக்கலும் இங்கேதான். பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஆமாம், கொஞ்சம் வலிக்கிறது' என்று மரியாதையாகப் பதில் சொல்லும் பெண் இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறாள் என்று முடிவு செய்துவிடுவார்கள். எனவே விவரமாகச் சொல்லுங்கள்: எத்தனையாவது வாரம், எத்தனையாவது பிள்ளை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வலி, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, எத்தனை மணிக்கு, நீர் என்ன நிறம், அசைவு எப்படி, முன்பு சிசேரியன் உண்டா. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், ரத்தம் வந்தால், 37 வாரத்துக்கு முன் வலி வந்தால் காத்திருப்பது கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். 'என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, என்னைப் பரிசோதிக்க வேண்டும், வருகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டாவது பிரசவம் என்றால் சீக்கிரமே கிளம்புங்கள்.

உள்ளே போனதும் எனிமா, சவரம் எதுவும் கிடையாது. நடக்கலாம், குளிக்கலாம், பந்தில் உட்காரலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்யவா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம். வலிக்குக் கேஸ் அண்ட் ஏர் உண்டு, நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிப் பாதி. வலி ஏறத் தொடங்கும்போதே இழுக்க வேண்டும், உச்சிக்குப் போனபின் இழுத்தால் பயனில்லை. முதுகில் போடும் வலி மரத்துப்போகும் ஊசியான எபிடியூரல் லேபர் வார்டில் மட்டும்தான், மிட்வைஃப்கள் நடத்தும் பர்த் சென்டரில் இல்லை. மயக்க மருத்துவர் ஆபரேஷனில் இருந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே வேண்டும் என்று தோன்றியதும் கேளுங்கள். கேட்பதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆசியப் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஆழமான கிழிசல் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். கடைசி வாரங்களில் அந்த இடத்தை எண்ணெய் தொட்டு மசாஜ் செய்வதும், முக்கும்போது வெந்நீர்த் துணி வைக்கச் சொல்வதும் உதவும்.

நாள் தள்ளிப்போனால் 41 வாரத்தில் வலி வரவழைக்கலாமா என்று கேட்பார்கள். அது காலையில் போய் மாலையில் பிள்ளையோடு திரும்பும் வேலை இல்லை. மருந்து வைத்து 24 மணி நேரம், பிறகு பனிக்குடம் உடைப்பது, பிறகு சொட்டு மருந்து. நடுவில் லேபர் வார்டில் படுக்கை இல்லையென்றால் இன்னும் ஒரு நாள். மூன்று நாளுக்கான துணியும் தின்பண்டமும் பையில் இருக்கட்டும்.

பைக்குள் முக்கியமாகத் தடிமனான மெட்டர்னிட்டி பேடு இரண்டு பாக்கெட், குழந்தைக்கு நாப்பி, பஞ்சு, உடை. நாப்பியும் உடையும் மருத்துவமனை தராது. காருக்குப் பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை சீட் கட்டாயம். புதியதாக வாங்கி, 36 வாரத்துக்குள் காரில் மாட்டிப் பழகிவிடுங்கள். பழைய சீட் விபத்தில் அடிபட்டதா என்று வெளியில் தெரியாது.

சுகப்பிரசவம் என்றால் சில மணி நேரத்திலோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிசேரியன் என்றால் ஒன்றிரண்டு நாள். சிசேரியனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் போடும் ஊசியைப் பெட்டியோடு கையில் கொடுப்பார்கள், பெரும்பாலும் 10 நாளுக்கு. நீங்களோ கணவரோதான் போட வேண்டும். வார்டை விட்டு இறங்குமுன் நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுப்ரோபெனும்தான். இரண்டையும் நேரம் தவறாமல் எடுத்தால் போதுமானதாக இருக்கும்.

குழந்தை விஷயத்தில் நம் நிறத்தால் வரும் இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் காமாலை மாநிறத் தோலில் சட்டென்று தெரியாது. கண்ணின் வெள்ளை, ஈறு, நாக்கடி பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் அவசரம். சந்தேகம் இருந்தால் 'பிலிருபின் அளந்து பாருங்கள்' என்று கேளுங்கள், பார்வையால் சொன்னதை ஏற்காதீர்கள். அடுத்தது, இடுப்பிலும் முதுகிலும் நம் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு. அதை வார்டிலேயே காட்டி ரெட் புக்கில் (குழந்தையின் உடல்நலப் பதிவேடு) எழுத வைத்துவிடுங்கள். எழுதாவிட்டால் பிறகு யாராவது அதை அடித்த காயம் என்று எண்ணிக் குழந்தைப் பாதுகாப்பு விசாரணை வரை போகக்கூடும். பி.சி.ஜி. ஊசி இங்கே எல்லோருக்கும் இல்லை. பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால் உண்டு. இந்தியா அதில் அடக்கம். 28ஆம் நாளை ஒட்டிப் போடுவார்கள். அழைப்பு வரவில்லையென்றால் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு மிட்வைஃப் வருவார். ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, எடை பார்ப்பார். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை முதலில் குறைவது இயல்பு, அதைத் தாண்டினால் பால் கொடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். பத்தியச் சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், பூண்டுக்குழம்புக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் குழந்தைக்குச் சேனை என்று தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நோய் வரும் ஆபத்துதான் காரணம். உரை மருந்தும் வேண்டாம். கண்ணில் இடும் மையில் ஈயம் இருக்கலாம். தூளியில் இரவெல்லாம் தூங்க வைப்பதையும் இங்கே ஏற்க மாட்டார்கள்: தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாக்க, தலையணை போர்வை குவியல் இல்லாமல், அறை 16 முதல் 20 டிகிரிக்குள். அம்மாவோ மாமியாரோ விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை வந்து உடனிருக்கலாம். அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள்.

பிறப்பைப் பதிவு செய்ய இங்கிலாந்தில் 42 நாள். திருமணமான தம்பதியில் ஒருவர் போனால் போதும். திருமணம் ஆகாதவர்கள் என்றால் தந்தை பெயர் வர இருவரும் போக வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில். இன்ஷியல் என்ற முறை இங்கே இல்லை, குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். தந்தையின் பெயரா, தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பதா என்று வீட்டிலேயே முடிவு செய்து, எழுத்துக் கூட்டலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இங்கே பிறந்ததாலேயே குழந்தை பிரிட்டிஷ் ஆகிவிடாது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட். அதற்கு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். இலங்கைக்காரர்களும் தங்கள் தூதரகத்தில் ஓராண்டுக்குள் செய்துவிடுவது நல்லது. அதன்பின் குழந்தைக்கும் சார்ந்தோர் விசா எடுங்கள், முதல் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிப்பது நல்லது. அந்த மூன்று மாதம் வரைதான் உங்கள் சர்சார்ஜின் நிழலில் குழந்தைக்கு இலவசச் சிகிச்சை. விசா இல்லாத குழந்தை இங்கே இருப்பது குற்றமில்லை. ஆனால் மொட்டை போட, காது குத்த என்று ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் திரும்பி வர விசா வேண்டும், அதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். டிக்கெட் போடுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.